மேசைமேல் கிடக்கும் பாடம்

கேள்வி: சிங்கப்பூரில் வேலை அனுமதியில் தங்கி, சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாக ஏற்றுமதி ஆவணங்களைக் கவனித்து வருகிறேன். பதவி உயர்வுக்காகப் பன்னாட்டு வணிகத்தில் எம்.பி.ஏ. பகுதிநேரமாகப் படிக்க எண்ணம். வகுப்புக்கே வராமல் எட்டு மாதத்தில் பட்டம் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவு ஏழு மணிக்கு வகுப்பில் உட்காருபவருக்கு இருக்கும் பெரிய ஆதாயம், காலையில் கைக்கு வந்த சிக்கலை அன்றே ஆசிரியரிடம் கேட்டுவிட முடிவதுதான். அதையும் விட்டுக்கொடுத்தால் மிஞ்சுவது கட்டண ரசீதும் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாளும்.

கொள்கலனில் போகும் சரக்குக்கு விலைப்பட்டியலில் 'எஃப்.ஓ.பி.' (சரக்கு கப்பலில் ஏறும் வரை பொறுப்பு விற்பவருடையது) என்று எழுதியிருப்பதை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்? கப்பலில் ஏறுவதற்கு முன்பே கொள்கலன் முனையத்தில் ஒப்படைக்கப்பட்டுவிடுவதால், அதற்குப் பொருந்துவது 'எஃப்.சி.ஏ.' (சரக்கை ஏற்றிச் செல்பவரிடம் ஒப்படைத்ததுமே பொறுப்பு வாங்குபவருக்கு மாறும்) என்பதே பன்னாட்டு வணிகச் சபையின் விற்பனை விதித்தொகுப்பான 'இன்கோடெர்ம்ஸ் 2020' காட்டும் வழி. எஃப்.ஓ.பி. என்று எழுதிவிட்டால், பெட்டி கப்பலேறும் வரை முனையத்தில் நேரும் சேதமெல்லாம் விற்றவர் தலையில்தான் விடியும். அப்படியிருந்தும் பலர் ஏன் அதை விடுவதில்லை? எல்.சி.யின் (ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) கீழ் பணம் கொடுக்கும் வங்கி, சரக்கு கப்பலில் ஏறியதாகக் குறிப்புள்ள 'பில் ஆஃப் லேடிங்'கை, அதாவது கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதை, கேட்பது வழக்கம் என்பது ஒரு முக்கியக் காரணம். இந்த முடிச்சை அவிழ்க்கவே 2020 பதிப்பு எஃப்.சி.ஏ.யில் புதிதாக ஒரு வழியைச் சேர்த்தது. ஆறு ஆண்டுகளாக இந்தத் தாள்களை அடுக்கி வரும் உங்களுக்கு, அந்தக் காரணத்தை விளக்கும் படிப்புதான் தேவை.

ஆகவே விளம்பரத்தாளை ஓரமாக வைத்துவிட்டுப் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். பன்னாட்டுச் சரக்கு விற்பனை ஒப்பந்தங்களுக்கான 1980ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையில் சிங்கப்பூர் இருக்கிறது, இந்தியா இல்லை. சென்னையில் வாங்குபவரோடு தகராறு வந்தால் எந்தச் சட்டம் செல்லும் என்ற கேள்விக்குக்கூட இடமில்லாத பாடத்திட்டம், சாதாரண நிர்வாகப் படிப்பின்மேல் 'பன்னாட்டு' என்ற சொல்லை ஒட்டியதுதான்.

பணக் கணக்கையும் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்துப் போடாதீர்கள். 25 வயது நிறைந்த சிங்கப்பூர்க் குடிமக்களுக்குப் படிப்புச் செலவுக்காக அரசு தரும் 500 வெள்ளி 'ஸ்கில்ஸ்ஃபியூச்சர்' தொகை, வேலை அனுமதியில் இருப்பவருக்குக் கிடையாது. அந்த அனுமதியும் முதலாளியோடு கட்டுண்டது. வேலை போனால் அதுவும் போகும். எனவே நல்ல இடமாகவே கிடைத்தாலும், முழுக் கட்டணத்தையும் முன்கூட்டிக் கேட்டால் மறுத்துவிட்டுப் பருவத்துக்குப் பருவம் கட்ட ஒப்புக்கொள்ளும் இடத்தில் சேருங்கள்.