பகல் தொடர்களும் ஒரு பழைய உறையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். அமெரிக்கத் தொலைக்காட்சியின் பகல் நேரத் தொடர்களைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்தேன். பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் பகலில் வீட்டில் ஆளில்லாமல் போயிற்று, அதனால் அத்தொடர்கள் ஒவ்வொன்றாக நின்றன என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் 1989இல் திருமணமாகி நியூ ஜெர்சிக்கு வந்தவள். வேலை பார்க்க அனுமதியில்லாத விசா. கணவர் காலையில் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகே திரும்புவார். எங்களுக்குக் கீழ்வீட்டில் தனியாக இருந்த ஒரு மூதாட்டிதான் தினமும் மூன்று மணிக்கு என்னை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்து ‘கைடிங் லைட்’ பார்க்கப் பழக்கினார். சிறுமியாக இருந்தபோது வானொலியில் அதைக் கேட்கத் தொடங்கியவர் அவர். யாருக்கு யார் என்ன உறவு என்று மின்கட்டண உறை ஒன்றின் பின்பக்கத்தில் அவர் வரைந்து கொடுத்த வம்சாவளி இன்னும் என்னிடம் இருக்கிறது. என் ஆங்கிலத்தில் பாதி அங்கே கற்றதுதான்.

பிறகு நானும் வேலைக்குப் போனேன். அப்போதும் தொடரை விடவில்லை. வீடியோ கேசட்டில் பதிந்துவைத்து இரவில் பார்த்தேன். 1993இல் கதையில் மோரீன் பாவர் என்ற பாத்திரத்தைக் கொன்றார்கள். கீழ்வீட்டு அம்மாள் அன்று எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்தார். அதன் பிறகு ரீவா என்ற இன்னொரு பாத்திரத்துக்கு நகல் மனுஷி (குளோன்) ஒருத்தியை உண்டாக்கினார்கள். கடைசியில் கையில் பிடித்த கேமராவை ஆட்டி ஆட்டி எடுத்தார்கள். நான் நிறுத்திவிட்டேன். இதில் வேலைக்குப் போன பெண்கள் செய்த பிழை என்ன? எழுதியவர்களின் பிழையை நீங்கள் ஏன் எழுதவில்லை?

ர.

*

அன்புள்ள ர. அவர்களுக்கு,

என் குறிப்பின் அந்த ஒற்றை வரி அவசரத்தில் எழுதப்பட்டது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை முழுவதும் திரும்பப் பெற முடியாது. 1950இல் அமெரிக்காவில் வயதுவந்த பெண்களில் மூன்றில் ஒருவர் வேலைக்குப் போனார். நூற்றாண்டின் முடிவில் அது நூற்றுக்கு அறுபது என ஆயிற்று. அதோடு கேபிள் சேனல்கள் பெருகின. 1995இல் முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் மீதான கொலை வழக்கு விசாரணை மாதக்கணக்கில் நேரலையாக ஓடித் தொடர்களின் நேரத்தைத் தின்றது. தினமும் ஒரே நேரத்தில் செய்யும் எந்தப் பழக்கமும் சில மாதம் விட்டுப்போனால் திரும்புவது அரிது என்பது உடற்பயிற்சி செய்து விட்டுவிட்ட எவருக்கும் தெரியும். எழுத்தாளர்கள் ஒரு பிழையும் செய்யாமல் இருந்திருந்தாலும் இந்தச் சரிவு நடந்திருக்கும். அவர்களை நான் குற்றம் சாட்டுவது வேறொன்றுக்காக: போகிறவர்களைத் தடுக்க முடியாத ஒரு காலத்தில், இருந்தவர்களையும் அவர்கள் விரட்டினார்கள்.

அதற்குக் காரணம் திறமைக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. கணக்கு வைக்கும் முறையில்தான் அது இருக்கிறது. சோப்பு விற்பதற்காகப் பிறந்ததால்தான் இவற்றுக்குச் சோப் ஓபரா என்று பெயர். ‘கைடிங் லைட்’ தொடரை அதன் கடைசி நாள்வரை கையில் வைத்திருந்தது சோப்பு விற்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம். விளம்பரதாரர் விலைகொடுத்து வாங்குவது நேயர்களை. அதிலும் 18 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களையே அவர்கள் பெரிதும் விரும்பினார்கள். உங்கள் கீழ்வீட்டு அம்மாள் வானொலியில் கேட்கத் தொடங்கியவர் என்கிறீர்கள். அத்தொடர் வானொலியில் தொடங்கியது 1937இல். தொலைக்காட்சிக்கு வந்தது 1952இல். மூதாட்டி என்றும் நீங்கள் சொல்வதால், 1993இல் அவர் ஐம்பதைத் தாண்டியிருப்பார் என்பது உறுதி. கதையை முழுவதும் அறிந்தவர், ஒரு நாளும் தவறவிடாதவர், புதிதாக வந்த உங்களைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துவந்தவர். ஆனால் விளம்பரக் கணக்கில் அவருக்கு மதிப்பு மிகக் குறைவு. அந்தக் கணக்கைப் பார்த்து எடுக்கப்பட்ட முடிவு எதுவும் அவருக்காக எடுக்கப்பட்டதாக இருக்க முடியாது.

மோரீனுக்கு நேர்ந்தது அதுதான். பாவர் குடும்பத்தின் மூத்தவளான பெர்ட் பாத்திரத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் நடித்த சரிட்டா பாவர் 1985இல் மறைந்தபின், அந்த வீட்டின் சமையலறை மோரீனின் கைக்கு வந்தது. யார் வீட்டில் எது உடைந்தாலும் அவளுடைய மேசைக்கு வந்து உட்கார்ந்து பேசினார்கள். கதை அவளைப் பற்றியதாக இருந்த நாள்கள் குறைவு. மற்றவர்களின் கதை அவளிடம் வந்து சேர்ந்தது. தேர்ந்தெடுத்த நேயர்களைக் கூட்டிவைத்துக் கருத்துக் கேட்டபோது அவள் பெயருக்கு அதிக ஆதரவு வரவில்லை, அதனால்தான் கொன்றார்கள் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. உண்மையாகவே இருக்கலாம். யாரைப் பிடிக்கும் என்று கேட்டால், சண்டை போடுகிறவரையும் காதலிக்கிறவரையும் சொல்வோம்; கதவைத் திறந்துவிடுகிறவர் நினைவுக்கு வரமாட்டார். கணவன் செய்த துரோகம் தெரிந்து, அவனோடு சண்டையிட்டு, காரை எடுத்துக்கொண்டு போய் அவள் இறந்தாள். அந்தக் காட்சிகள் மிக நன்றாக எழுதப்பட்டவை, மோரீனாக நடித்த எலன் பார்க்கருக்கு எம்மி என்ற தொலைக்காட்சி விருது கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதாவது, நன்றாக எழுதத் தெரிந்தவர்களே அதைச் செய்தார்கள். மறுநாள் எல்லாரும் எங்கே போய் உட்கார்ந்து பேசுவார்கள் என்பதைத்தான் எவரும் யோசிக்கவில்லை.

இந்த வடிவத்தின் மூலதனம் நேயரின் நினைவு என்பது என் கருத்து. நாவலுக்கும் திரைப்படத்துக்கும் இது இந்த அளவில் பொருந்தாது. 1962இல் கதாசிரியர் ஆக்னஸ் நிக்சன் இதே ‘கைடிங் லைட்’ தொடரில் பெர்ட்டுக்குக் கருப்பைப் புற்றுநோய் வருவதாக எழுதினார். பெண்கள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது அவர் நோக்கம். ‘புற்றுநோய்’, ‘கருப்பை’ என்ற சொற்களைத் திரையில் சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாட்டின் கீழே அதை எழுதினார். சொல் இல்லாமலேயே அது போய்ச் சேர்ந்தது. பத்தாண்டுக்கும் மேலாகப் பெர்ட்டைத் தங்கள் வீட்டு மனுஷியாக அறிந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அந்த அறிமுகத்தைக் கடனாகப் பெற்றுத்தான் கதாசிரியர் எழுதுகிறார்.

கடனைத் திருப்பிக் கொடுக்காத எடுத்துக்காட்டு ஒன்றையும் சொல்கிறேன். நீங்கள் சொன்ன நகல் மனுஷியைவிட எனக்கு இது அதிகக் கோபத்தைத் தந்தது. ‘ஆல் மை சில்ட்ரன்’ தொடரில் 1973இல் எரிகா கேன் என்ற பாத்திரம் கருக்கலைப்புச் செய்துகொள்கிறாள். அன்று அது எவ்வளவு துணிவான எழுத்து என்று சொல்ல வேண்டியதில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கடந்தபின் வந்த கதாசிரியர்கள், அந்தக் கரு கலைக்கப்படவே இல்லை, மருத்துவர் அதை எடுத்துத் தன் மனைவியின் வயிற்றில் வைத்துவிட்டார், அந்தப் பிள்ளை வளர்ந்து இதோ ஊருக்கு வந்திருக்கிறான் என்று எழுதினார்கள். மருத்துவத்தில் இது நடக்குமா என்ற கேள்வியை விடுங்கள். செத்தவர் திரும்பி வருவதையும், நடிகர் மாறியதும் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி ஓடுவதையும், மாடிக்குப் போன சிறுவன் அடுத்த ஆண்டு இளைஞனாக இறங்கி வருவதையும் சிரித்தபடி ஏற்றுக்கொள்ளும் நேயர்கள் அவர்கள். அவர்களால் பொறுக்க முடியாமல் போனது, எரிகா எடுத்த முடிவோடு அத்தனை ஆண்டுகள் தாங்கள் வாழ்ந்ததை யாரோ ஒருவர் ஒரு மதியத்தில் இல்லையென்று ஆக்கியதுதான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் மறைந்திருக்கும் ஒரு துணிபை, அதாவது நேயர் சொன்னபடி எழுதியிருந்தால் தொடர்கள் பிழைத்திருக்கும் என்பதை, நான் ஏற்கவில்லை. ‘ஜெனரல் ஹாஸ்பிடல்’ தொடரில் 1979இல் லூக், லாராவை வன்புணர்வு செய்கிறான். அந்த இருவரையும் சேர்த்துப் பார்க்க நேயர்கள் விரும்பினார்கள் என்பதற்காக அந்தக் குற்றம் கொஞ்சம் கொஞ்சமாகக் காதலாக மாற்றி எழுதப்பட்டது. 1981 நவம்பரில் நடந்த அவர்கள் திருமணத்தை ஏறத்தாழ மூன்று கோடிப் பேர் பார்த்தார்கள். எலிசபெத் டெய்லரே வந்து நடித்தார். பகல் தொடர்களின் உச்சம் என்று எல்லாரும் காட்டும் அந்த நாளுக்கு அடியில் இருப்பது இப்படியொரு மறதி. 1998இல்தான் தொடர் தானே அந்த இரவுக்குத் திரும்பிப் போய் அதற்குப் பதில் சொல்ல முயன்றது. நேயரின் விருப்பத்துக்கும் நேயரின் நினைவுக்கும் இடையே எழுதுகிறவன் நினைவின் பக்கம் நிற்க வேண்டும் என்பேன். ஆனால் மூன்று கோடிப் பேர் எதிர்ப்பக்கம் நிற்கும்போது எத்தனை பேருக்கு அது கைகூடும்?

அபத்தம் என்பதற்காக மட்டும் ஒரு கதை தோற்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ தொடரில் 1994–95இல் டாக்டர் மார்லினாவைப் பேய் பிடித்தது. மூத்த நேயர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் பார்ப்பவர் எண்ணிக்கை ஏறியது. அதே கதாசிரியர் ஜேம்ஸ் ரைலி 2003இல் திரும்பி வந்து, அதே மார்லினாவைத் தொடர் கொலையாளியாக்கி, ஊரின் மூத்தவர்களை ஒவ்வொருவராகச் சாகடித்தார். ஊருக்கே டோனட் சுட்டுப்போட்ட ஆலிஸ் பாட்டியை, அதே டோனட்டை வாயில் திணித்துக் கொன்றதாகக் காட்டினார்கள். பிறகு எல்லாரும் ஒரு தீவில் உயிரோடு இருந்ததாகத் தெரிந்தது. முதல் முறை அதிர்ச்சி அடைந்த நேயர், இரண்டாம் முறை எண்ணத் தொடங்கினார்: இதுவும் பொய்யாகத்தானே இருக்கும்? சாவே பொய்யாகிவிட்ட ஊரில் அடுத்த சாவுக்கு யார் அழுவார்?

கோபப்பட்ட நேயர் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்குப் பதில் உண்டு: எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்த பிறகும் ஏன் அதே கதையை இழுக்கிறார்கள்? வாரத்துக்கு ஐந்து, ஆண்டுக்கு 250 எபிசோடுகள் வரை எழுத வேண்டும். தலைமைக் கதாசிரியர் நெடுங்கதையை வகுப்பார். அவருக்குக் கீழே ஒரு குழு ஒவ்வொரு நாளின் நிகழ்ச்சிகளையும் பிரிக்கும். வசனம் எழுதுவது இன்னொரு குழு. செலவைக் குறைக்க ஒரே நாளில் பல எபிசோடுகளுக்கான காட்சிகளை எடுத்துக் குவிப்பதும் வழக்கமாயிற்று. ‘டேஸ்’ போன்ற தொடர் பல மாதங்கள் முன்கூட்டியே எடுத்து வைக்கப்படுகிறது. இன்று ஒரு பாத்திரத்தைக் கண்டு நீங்கள் எரிச்சலடையும்போது, அவருடைய அடுத்த பருவத்துச் சண்டைகள்கூடப் படமாகிப் பெட்டிக்குள் இருக்கும். உங்கள் கோபம் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கதாசிரியரையே மாற்றியிருப்பார்கள். புதிதாக வந்தவர் முன்னவர் கதையைக் குப்பையில் போட்டுவிட்டுத் தன் கதையைத் தொடங்குவார். உங்களைப் போன்றவர் மீண்டும் ஒரு முறை நினைவை இழப்பார்.

கேமராவை ஆட்டிய விஷயத்தில் மட்டும் உங்களோடு வேறுபடுகிறேன். அது திமிரால் செய்யப்பட்டது அன்று, வறுமையால் செய்யப்பட்டது. நேயர் குறைய விளம்பரம் குறைந்தது. விளம்பரம் குறைய அரங்குகள் குறைந்தன, மூத்த நடிகர்களுக்குத் தரப்பட்ட நாள்கள் குறைந்தன. அவர்களைக் காணாமல் நேயர் மேலும் குறைந்தார். 2008இல் ‘கைடிங் லைட்’ குழுவினர் சிறிய டிஜிட்டல் கேமராக்களைத் தூக்கிக்கொண்டு உங்கள் மாநிலத்திலேயே பீபாக் என்ற சிற்றூருக்கு வந்து தெருவிலும் வீடுகளிலும் படமெடுத்தார்கள். படம் ஆடியது, ஒலி தெளிவாக இல்லை, எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கடைசி ஆண்டில் சில காட்சிகளில், ஒரு மரத்தடியில் இரண்டு பேர் வெறுமனே பேசிக்கொள்ளும்போது, அரங்கில் பல ஆண்டுகளாகக் காணாமல் போயிருந்த ஒரு நிதானம் திரும்பி வந்ததைக் கண்டேன். 2009 செப்டம்பர் 18 அன்று, வானொலியையும் சேர்த்து 72 ஆண்டுகளுக்குப் பின், அது முடிந்தது. நீங்கள் அப்போது பார்ப்பதை நிறுத்தியிருந்தீர்கள். முடிந்தால் கடைசி வாரத்தை மட்டும் தேடிப் பாருங்கள்.

மற்றவை விரைவில் நின்றன. ‘ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்’ 2010இல் போயிற்று. ‘ஆல் மை சில்ட்ரன்’ 2011இலும் ‘ஒன் லைஃப் டு லிவ்’ 2012 தொடக்கத்திலும் நின்றன. அந்த இரண்டையும் நிறுத்துவதாக அறிவித்தபோது, நேயர் சீற்றத்தைக் கண்டு தூசு உறிஞ்சும் கருவிகள் விற்கும் ஹூவர் நிறுவனம் ஏபிசி சேனலிலிருந்து தன் விளம்பரத்தையே விலக்கிக்கொண்டது, அதுவும் பயன்படவில்லை. ‘ஒன் லைஃப் டு லிவ்’ இருந்த இடத்தில் வந்த மலிவான நிகழ்ச்சி சில மாதங்களில் மூடப்பட்டது என்பதில் எனக்குச் சிறிது அற்ப மகிழ்ச்சி உண்டு.

‘ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்’ போனதும் அந்த இடத்துக்கு வந்த அரட்டை நிகழ்ச்சி பதினான்கு ஆண்டுகள் ஓடி 2024 இறுதியில் நின்றது. 2025 பிப்ரவரியில் அதே பிற்பகல் நேரத்தில் சிபிஎஸ் சேனல் ஒரு புதிய பகல் தொடரைத் தொடங்கியது: ‘பியாண்ட் தி கேட்ஸ்’. செல்வச் செழிப்புள்ள ஒரு கறுப்பினக் குடும்பத்தின் கதை. 1999க்குப் பின் அமெரிக்காவின் பெரிய சேனல் ஒன்றில் தொடங்கிய முதல் பகல் தொடர் அது. அதில் யாருக்கும் இன்னும் கடந்த காலம் இல்லை. பார்க்கிறவர்தான் அதைச் சேர்த்துவைக்க வேண்டும். நான் தொடக்க வாரங்களைப் பார்த்தேன். உறவுமுறை பிடிபடாமல் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். அப்போது உங்கள் கீழ்வீட்டு அம்மாளைப் போன்ற ஒருவர் எனக்கு இல்லையே என்று தோன்றியிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தபோதுதான் அது தோன்றியது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். 1993இல் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வந்த பிறகு, அந்த உறையில் மோரீனின் பெயரை அவர் அடித்தாரா, அப்படியே விட்டுவிட்டாரா?