எதை வைத்து ஆள் எடுக்கிறார்கள்?

அன்புள்ள ஐயா,

எனக்குக் காவேரிப்பட்டணம் பக்கம். மாங்கூழ் ஆலைகள் கழித்துப் போடும் பெங்களூரா மாம்பழத் தோலிலிருந்து, ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டினைப் பிரிப்பது பற்றி முனைவர் பட்டம் முடித்துவிட்டேன். போஸ்ட்டாக், அதாவது பட்டத்துக்குப் பின் செய்யும் ஆய்வுப் பணிக்கு இடம் கேட்டுப் பலருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன், பதிலே இல்லை. பெயர்பெற்ற கல்லூரியில் படிக்காததுதான் காரணமா? அனுப்பியதை இணைத்திருக்கிறேன்.

வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

போஸ்ட்டாக்குக்குப் பெரும்பாலும் ரேங்க் லிஸ்ட் கிடையாது. ஆய்வகத் தலைவர் ஒரு திட்டத்துக்கு நிதி வாங்கியிருப்பார். அது முடிவதற்குள் கட்டுரைகள் வந்தாக வேண்டும். அதற்குத் தேவையான ஒரு வேலை தன் குழுவில் யாருக்கும் தெரியாதபோதுதான் வெளியே ஆள் தேடுவார்.

உங்கள் மின்னஞ்சல் 'டியர் சார்' என்று தொடங்கி, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைச் சொல்லி, மூன்றாவது பத்தியில்தான் பெக்டினுக்கு வருகிறது. நீங்கள் எழுதும் ஆய்வகத் தலைவர் என்ன ஆய்வு செய்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் விட்டுப்போன எதை உங்களால் செய்ய முடியும் என்று முதல் இரண்டு வரியிலேயே சொல்லுங்கள்.

அப்புறம் பரிந்துரை. 'கடின உழைப்பாளி' என்று நாலு வரி எழுதித் தரும் துணைவேந்தரைவிட, நீங்கள் ஆய்வகத்தில் வேலை செய்ததைக் கூட இருந்து பார்த்தவர் எழுதுவதற்கே மதிப்பு அதிகம். பல இடங்களில் பரிந்துரை எழுதியவரைப் போனில் கூப்பிட்டும் விசாரிப்பார்கள்.

கல்லூரிப் பெயரையும் பார்க்கத்தான் செய்கிறார்கள். தெரிந்தவர் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கிறது. இது அநியாயம். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மைசூரு சிஎஃப்டிஆர்ஐ (மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம்) உங்கள் துறைக்கென்றே இருக்கும் இடம். அங்கே கருத்தரங்கு நடந்தால் விடாதீர்கள், போய் நாலு பேரிடம் பேசுங்கள்.

சொந்தமாக ஃபெலோஷிப் (ஆய்வு உதவித்தொகை) வாங்கிக்கொண்டு போவது இன்னொரு வழி. நம் நாட்டின் தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு வயது வரம்பு 35, பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. ஜெர்மனியின் ஹம்போல்ட் போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு முனைவர் பட்டம் வாங்கி 4 ஆண்டுக்குள்ளும், ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கு 8 ஆண்டுக்குள்ளும் விண்ணப்பிக்க வேண்டும். மூன்றுக்குமே, நீங்கள் போகும் இடத்தில் ஓர் ஆய்வாளர் முதலில் உங்களை ஏற்கச் சம்மதிக்க வேண்டும், ஆக அந்த மின்னஞ்சலை எழுதாமல் முடியாது.

புதிதாக ஒரே ஒருவருக்கு எழுதுங்கள். அனுப்பும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.