அகத்தி விமானம் நாள் மாறிவிட்டதா? பட்டனை அழுத்தும் முன் யோசிக்க வேண்டியவை

சென்னையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மகளும் மருமகனும் அரசு வேலையில் லட்சத்தீவின் அகத்தியில் இருக்கிறார்கள். ஏப்ரலில் நானும் கணவரும் போகிறோம். அவருக்கு 70 வயது தாண்டிவிட்டது. சென்னை–கொச்சி ஒரு நிறுவனத்திலும் கொச்சி–அகத்தி இன்னொரு நிறுவனத்திலும் ஜனவரியிலேயே டிக்கெட் எடுத்தோம். இப்போது அகத்தி விமானம் வெள்ளிக்கிழமை ரத்து, சனிக்கிழமை மாற்றித் தந்திருக்கிறோம் என்று மெசேஜ் வந்திருக்கிறது. திரும்பும்போதும் நேரம் மாறியதால், கொச்சியில் இறங்குவதற்குள் சென்னை விமானம் போய்விடும். பணம் போனதுதானா?"

முழுதாகப் போகவில்லை. மெசேஜில் உள்ள 'ஏற்கிறேன்' பட்டனை மட்டும் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். விமான நிறுவனம் தானாக ரத்து செய்தால் மாற்று விமானமா, முழுப் பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பயணிக்குத்தான் உண்டு என்கிறது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி. ஒப்புக்கொண்டுவிட்டால் அதன்பிறகு பணம் கேட்டு வாதாடுவது கஷ்டம். சனிக்கிழமை தோதுப்படவில்லையா, வேறு நாளில் இடம் இருக்கிறதா என்று கால் சென்டரில் கேளுங்கள். பேசியதை அன்றே மின்னஞ்சலிலும் எழுதி அனுப்பிவிடுங்கள்.

ஏன் இப்போது மாறியது? இந்தியாவில் விமான அட்டவணை வருடத்துக்கு இரண்டு முறை புதிதாகிறது: மார்ச் கடைசி ஞாயிறு கோடை அட்டவணை, அக்டோபர் கடைசி ஞாயிறு குளிர்கால அட்டவணை. நீங்கள் ஜனவரியில் வாங்கியது ஏப்ரல் டிக்கெட். கோடை அட்டவணை முடிவாகும் முன்பே விற்கப்பட்ட இருக்கை அது. பெரிய நகரங்களுக்கு ஒரு விமானம் போனால் அடுத்தது இருக்கும். தீவுக்கு அப்படி இல்லை. ஒரு நாள் சேவையை எடுத்தால் ஒரு நாள் முழுவதும் போய்விடுகிறது.

அகத்தியின் ஓடுபாதையையும் தெரிந்துகொள்ளுங்கள், பல கேள்விகளுக்கு அதில் விடை இருக்கிறது. நீளம் ஏறக்குறைய 1,200 மீட்டர்தான், தீவின் தென்முனை முழுவதையும் அதுவே பிடித்திருக்கிறது, இரண்டு பக்கமும் கடல். 1988-ல் டார்னியர் 228 என்ற சிறு விமானத்துக்காகக் கட்டியது. ஏர்பஸ், போயிங் ஜெட் எல்லாம் அங்கே இறங்க முடியாது. இப்போது வருவது ஏடிஆர் எனும், இறக்கையில் காற்றாடி சுழலும் டர்போப்ராப் விமானம். அதுவும் எடையைக் கணக்குப் பார்த்துத்தான் கிளம்பும். பாதை ஈரமாக இருந்தால் நிற்பதற்குக் கூடுதல் தூரம் வேண்டும். அன்றைக்கு ஆளையோ பெட்டியையோ குறைப்பார்கள். ஆகவே ஒரு நிறுவனம் இந்தத் தடத்தை விட்டாலும், இன்னொரு நிறுவனம் கைவசம் இருக்கும் எந்த விமானத்தையும் அனுப்பி ஈடுசெய்ய முடியாது. ஏடிஆர் வேண்டும், அது ஓய்வாகவும் இருக்க வேண்டும். ஒரே ஏடிஆர் காலையிலிருந்து நான்கைந்து ஊர் சுற்றும், முதல் ஊரில் தாமதமானால் கடைசி ஊர் வரை இழுக்கும். சிறு ஊர்த் தடங்களுக்கு அரசு உதவி தரும் உடான் திட்டத்திலும் மானியம் பொதுவாக மூன்று வருடத்துக்குத்தான். அது முடிந்ததும் தடத்தைத் தொடர்வதா விடுவதா என்று நிறுவனங்கள் கணக்குப் பார்க்கும். தீவில் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி, பரீட்சை, கல்யாணம் எல்லாமே இந்த ஒற்றை நூலில் தொங்குகிறது. அந்தக் கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் டிக்கெட்டுக்கு வருவோம். போகும்போது உங்களுக்கு நஷ்டம் குறைவு. வெள்ளிக்கிழமை சென்னை–கொச்சி விமானத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஓர் இரவு கொச்சியில் தங்கலாம். எர்ணாகுளம் டவுனுக்குள் போகாதீர்கள், விமான நிலையம் நெடும்பாசேரியில் இருக்கிறது. அதை ஒட்டியோ அங்கமாலியிலோ அறை எடுத்தால் காலையில் உங்கள் கணவருக்கு அலைச்சல் இருக்காது. அறை வாடகை உங்கள் செலவுதான். இரண்டு வாரத்துக்கு முன்பே தகவல் சொல்லிவிட்டால் இழப்பீடு கிடையாது. சொல்லாமல் கடைசி நேரத்தில் ரத்து செய்தால்தான் அந்தப் பேச்சு: ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்கு 7,500 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது. வானிலையால் ரத்தானால் அதுவும் இல்லை, பணம் திரும்பும் அல்லது மாற்று விமானம் கிடைக்கும், அவ்வளவே.

திரும்பும் பயணத்தில்தான் அடி. கொச்சி–சென்னை தனி டிக்கெட். தனி பிஎன்ஆர் (முன்பதிவு எண்) என்றால், அகத்தி விமானம் மாறியதற்கு அந்த நிறுவனம் பொறுப்பில்லை. நுழைவு அனுமதித் தேதி இடம் கொடுக்கிறதா என்று பார்த்துவிட்டு (அதைக் கடைசியில் சொல்கிறேன்), உடனே அதை அடுத்த நாளுக்கு மாற்றுங்கள். புறப்படும் நாள் நெருங்க நெருங்க மாற்றும் கட்டணமும் புதிய டிக்கெட் விலையும் ஏறும். ரத்து செய்வதே மேல் என்று தோன்றினால், 'பணம் திரும்பாது' என்று போட்ட டிக்கெட்டிலும் விமான நிலையக் கட்டணமும் வரிகளும் உங்களுக்கு வர வேண்டும், கேட்டு வாங்குங்கள். ரத்துக் கட்டணம் என்று அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் தாண்டி அவர்கள் பிடிக்கக் கூடாது. தட்டிக் கழித்தால் மத்திய அரசின் ஏர்சேவா இணையதளத்தில் புகார் போடலாம்.

இனி டிக்கெட் எடுக்கும்போது முதலில் தீவு டிக்கெட், அது உறுதியான பிறகே சென்னை டிக்கெட். முடிந்தால் இரண்டும் ஒரே பிஎன்ஆரில். முடியாவிட்டால் போகும்போதும் வரும்போதும் கொச்சியில் ஓர் இரவு இடைவெளி விடுங்கள். இரண்டு மணி நேர இடைவெளியை நம்பி இந்தத் தடத்தில் யாரும் போகக் கூடாது. கொச்சி வில்லிங்டன் தீவிலிருந்து கப்பலும் உண்டு, ஆனால் 14 முதல் 18 மணி நேரம் ஆகும். அகத்தியில் கப்பலிலிருந்து படகுக்கு இறங்க வேண்டி வரலாம், 70 வயதுக்காரருக்கு நான் சொல்ல மாட்டேன்.

அவருடைய மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள். எடை குறைக்கும்போது இறக்கப்படுவது அந்தப் பெட்டிதான். தேவைக்கு மேல் ஒரு வார மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

இன்றைக்கே பார்க்க வேண்டியது உங்கள் நுழைவு அனுமதி. தீவுக்காரர் அல்லாதவருக்கு லட்சத்தீவு நிர்வாகத்தின் பெர்மிட் கட்டாயம், அதில் எத்தனை நாள் வரை தங்கலாம் என்று இருக்கும். திரும்பும் நாள் ஒன்று தள்ளிப்போனாலும் அந்தத் தேதியைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் மகளிடம் சொல்லி நீட்டிப்புக்கு இப்போதே விண்ணப்பியுங்கள், அது கைக்கு வந்த பிறகு சென்னை டிக்கெட்டை மாற்றுங்கள்.