கேள்வி – பதில்: மீன்தொட்டியில் செடி ஏன் கரைகிறது?

கேள்வி: பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் என்ற இரண்டு நீர்ச்செடிகளையும் எங்கள் இரண்டடி மீன்தொட்டியில் கல்லுக்குள் ஆழமாக ஊன்றினேன். ஒரே வாரத்தில் ஃபெர்ன் அழுகிப்போனது. கிரிப்டோ இலைகள் கஞ்சி போலக் கரைந்துவிட்டன. தண்ணீர் சரியில்லையா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தண்ணீரைக் குறை சொல்வதற்கில்லை. ஃபெர்னை எடுத்துப் பாருங்கள்: இலைக்கும் வேருக்கும் நடுவே மெலிந்த இஞ்சித் துண்டு மாதிரி ஒரு தண்டு படுத்திருக்கும். அதை மூடிப் புதைத்தால் அழுகத்தான் செய்யும். அடுத்த முறை மரக்கட்டையிலோ கல்லிலோ பருத்தி நூலால் கட்டிவிடுங்கள். வேர் தானாகப் பிடித்துக்கொள்ளும். அனுபியாஸ் என்ற நீர்ச்செடிக்கும் இதே முறைதான். ஃபெர்ன் இலையின் அடியில் வரிசையாகக் கரும்புள்ளி வந்தால் நோய் என்று வெட்டிவிடாதீர்கள், அவை வித்துப்பைகள்.

கிரிப்டோ கதை வேறு. பண்ணைகளில் பெரும்பாலும் இலை காற்றில் இருக்கும்படி வளர்த்து விற்கிறார்கள். அந்த இலை தண்ணீருக்குள் நிலைக்காது. ஆனால் வேர் உயிரோடுதான் இருக்கும். தயவுசெய்து பிடுங்கி எறியாதீர்கள்! கரைந்த இலைகளை மட்டும் அடியோடு வெட்டிவிட்டுக் காத்திருங்கள், மூன்று நான்கு வாரத்தில் புதுக்குருத்து வரும். நம் மலேசியத் தீபகற்பத்து ஓடைகளிலேயே இந்த இனம் உண்டு. நம் ஊர் வெப்பம் அதற்குப் பழகியதுதான்.

இனி வாங்கும் செடியைக் கூடையிலிருந்து எடுத்து, வேரைச் சுற்றியுள்ள பஞ்சை இடுக்கியால் முழுக்க நீக்குங்கள். வேரை 3 செ.மீ. அளவுக்கு நறுக்குங்கள். நத்தை தொற்றாமலிருக்க, 4 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி படிகாரத்தூள் கரைத்து, 2 மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். இலையடியில் ஜவ்வு போல ஒட்டியிருக்கும் நத்தை முட்டையை நகத்தால் சுரண்டிவிடுவதே நிச்சயம்.

60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலத் தொட்டிக்கு 5 செ.மீ. உயரம் பரப்ப ஏறக்குறைய 14 கிலோ பொடிக்கல் பிடிக்கும். ஈப்போ பக்கம் மலிவாகக் கிடைக்கும் வெள்ளைச் சலவைக்கல் பொடி வேண்டாம். ஒரு துளி வினிகர் விட்டால் நுரைக்கும். சுண்ணாம்பு கரைந்து நீரைக் கடினமாக்கிவிடும். விளக்கு முதல் மாதம் நாளுக்கு 6 மணி நேரம் போதும். கூட்டினால் பாசிதான் முந்திக்கொள்ளும்.

கேள்வி: செம்பனைத் தோட்டத்து வாய்க்காலில் வேலம்பாசி அடர்ந்து கிடக்கிறது. எடுத்து வந்து போடலாமா?
– வாசகர், பீடோர்

பதில்: வேண்டாம். 2020 முதல் பாராகுவாட் என்ற களைக்கொல்லி தடை செய்யப்பட்டாலும் மற்ற களைக்கொல்லிகளும் பூச்சிமருந்துகளும் மழையோடு அந்த வாய்க்காலில்தான் இறங்குகின்றன. பூச்சிமருந்து துளி கலந்தாலும் இறால் செத்துப்போகும். செடியோடு ஒட்டிவரும் தும்பிப் புழு மீன்குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். கடையில் ஒரு கட்டு வாங்கி, தனி வாளியில் ஒரு வாரம் வைத்திருந்து பிறகு தொட்டியில் விடுங்கள்.