சோதனைக் காலத்துக் கேள்விகள்

கேள்வி: தேவன் ஆபிரகாமைச் சோதித்தார் என்கிறது பைபிளில் ஆதியாகமம் 22. அவர் ஒருவனையும் சோதிக்கிறவரல்ல என்கிறது யாக்கோபு 1:13. எதை நம்புவது ஐயா?

பதில்: இரண்டையும் நம்பலாம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியில் ‘பெய்ராஸ்மோஸ்’ என்ற ஒரே சொல் பரீட்சையையும் குறிக்கும், பாவத்துக்கு இழுக்கும் தூண்டுதலையும் குறிக்கும். தமிழிலும் இரண்டுக்கும் ‘சோதனை’தான். யாக்கோபு 1:2இல் சந்தோஷமாக எண்ணச் சொல்வது பாடுகளை, அதாவது துன்பங்களை. 14ஆம் வசனத்தில் சொல்வது நம் சுய இச்சை நம்மை இழுப்பதை. பணக்கஷ்டம் வருவது பரீட்சை. கணக்கைக் கொஞ்சம் மாற்றி எழுதலாமே என்று அப்போது மனசு சொல்வது தூண்டுதல். முதலாவதைத் தேவன் நம்மை உருவாக்கப் பயன்படுத்துவார். இரண்டாவதை அவர் தலையில் போடக்கூடாது.

கேள்வி: கெட்ட எண்ணம் வந்தாலே பாவமா?

பதில்: இல்லை. இயேசுவும் சோதிக்கப்பட்டார், பாவமில்லாமல் (எபிரெயர் 4:15). வந்த எண்ணத்துக்கு இடம் கொடுத்து வளர்ப்பதுதான் ஆபத்து.

கேள்வி: என் மகன் இறந்தபோது, “தாங்க முடியாததைத் தேவன் தரமாட்டார்” என்றார்கள். என்னால் தாங்க முடியவில்லையே.

பதில்: சகோதரி, அவர்கள் சொன்னது 1 கொரிந்தியர் 10:13ஐ மனதில் வைத்து. ஆனால் அந்தப் பகுதி வனாந்தரத்தில் இஸ்ரவேலர் விழுந்த விக்கிரகாராதனை, முறுமுறுப்பு பற்றியது. பாவத்துக்கு இழுக்கப்படும்போது தப்பிக்கொள்ள ஒரு வழி உண்டு என்பதுதான் அதன் வாக்கு. துக்கத்துக்கு அது அளவுகோல் இல்லை. அதை எழுதிய அப்போஸ்தலன் பவுலே 2 கொரிந்தியர் 1:8இல், தன் பலத்துக்கு மிஞ்சிய பாரம் வந்தது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே போய்விட்டது என்கிறார். அவருக்கே தாங்க முடியவில்லை. உங்களுக்கு முடியாததில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. என் அம்மா போனபோது எனக்கும் இதே வார்த்தையைச் சொன்னார்கள், வலித்தது. பிள்ளைகளையெல்லாம் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் நல்லது அது ஒன்றுதான்.

கேள்வி: கணவர் அடிப்பதைச் சிலுவையாக எண்ணிச் சுமக்கச் சொல்கிறார்கள். அது சரியா?

பதில்: சரியில்லை. தமஸ்குவில் தன்னைக் கொல்லப் பார்த்தவர்களிடமிருந்து பவுல் கூடையில் இறங்கித் தப்பினார். உங்களுக்கு முதலில் பாதுகாப்பான இடம் வேண்டும். பாடுகளில் வளர்வது பற்றியெல்லாம் அப்புறம் பேசலாம்.

கேள்வி: மூன்று வருடமாக ஒரே பாவத்தில் விழுகிறேன் அண்ணா. இனி வளர்ச்சி உண்டா?

பதில்: உண்டு தம்பி. யோசேப்பு, தன்னைப் பாவத்துக்கு இழுத்த, எஜமான் போத்திபாரின் மனைவியிடம் கடைசியில் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். விழ வைக்கும் நேரம், இடம், ஃபோன், எது என்று உனக்கே தெரியும், முன்கூட்டியே விலகு. நம்பகமான ஒருவரிடம் சொல், ரகசியமாக இருக்கும்வரை அது பலமாக இருக்கும். சீஷன் பேதுரு தம்மைத் தெரியாது என்று மறுதலிப்பதற்கு முன்பே இயேசு அவனுக்காக ஜெபித்துவிட்டார் (லூக்கா 22:32). “நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து” என்று வேலையும் கொடுத்துவிட்டார்.

கேள்வி: ஜெபமே வரவில்லை.

பதில்: 88ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். அது இருளில்தான் முடிகிறது, ஆனாலும் ஜெபம்தான். சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்த தீர்க்கதரிசி எலியாவைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. இரண்டு முறை எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். நீங்களும் இன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.