முதலில் அந்தப் பெட்டை நாய்

அன்புள்ள அக்கா,

வேளச்சேரியில் இருக்கிறேன், ஐ.டி. வேலை. ராத்திரியில் எங்கள் தெரு நாய்களுக்குச் சோறு வைப்பேன். அதற்காக எதிர்வீட்டுக்காரர் தினமும் சண்டைக்கு வருகிறார். போன மாதம் ஒரு குட்டி ஆட்டோவில் அடிபட்டுச் செத்தது. அன்றிலிருந்து ஏதாவது மீட்புக் குழுவில் சேர வேண்டும் என்று இருக்கிறது. சிலர் கருத்தடைக்குப் பிடித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். அம்மாவோ, "வாயில்லா ஜீவனோட வம்சத்தை அறுக்கிறது பாவம்" என்கிறார். எனக்கும் உறுத்துகிறது. எங்கே தொடங்குவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மீட்புக் குழு அப்புறம் இருக்கட்டும். உங்கள் கையால் சோறு தின்கிற நாய்களில் பெட்டை எவை, அவற்றில் காதில் வெட்டு இல்லாதவை எவை என்று முதலில் பாருங்கள். வெட்டு இருந்தால் கருத்தடை ஆகிவிட்டது என்று அடையாளம். வெட்டில்லாத பெட்டைகள்தான் உங்கள் வேலை.

அடிபட்ட நாயைத் தூக்கிக்கொண்டு ஓட ஆள் கிடைத்துவிடுகிறார்கள். வீடியோ போட்டால் பணமும் வருகிறது. ஒரு தெருவை முழுசாக முடித்துத் தரத்தான் யாரும் சிக்குவதில்லை. நாய்க்குச் சினைக்காலம் இரண்டு மாதம், வருஷத்துக்கு இரண்டு ஈற்று வரை போடும். செத்த குட்டியின் தாயை இப்போது பிடிக்காவிட்டால் அடுத்த ஈற்றும் அதே தெருவில்தான், அதே ஆட்டோக்களுக்கு நடுவில்தான்.

அம்மாவின் பாவக் கணக்கில் இதையும் சேர்க்கச் சொல்லுங்கள். சென்னை மாநகராட்சி பல காலம் நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. அதற்கு மாற்றாகக் கருத்தடையை ப்ளூ கிராஸ் என்கிற விலங்கு நல அமைப்பு 1964-லேயே தொடங்கியது. மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996-ல். கருத்தடை வேண்டாம் என்று விட்டால், எண்ணிக்கை பெருகிப் பெருகி ஊர் மறுபடி பழைய வழியைத்தான் கேட்கும். இப்போதே கேட்கிறார்கள்.

மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்குப் போன் செய்து சொன்னால் நாய் பிடிக்கிற வண்டி வரும். ஆட்கள் வலையோடு இறங்கியதுமே விவரமான நாய்கள் தெருவைக் காலி செய்துவிடும். ஏமாந்த ஆண் நாய் ஒன்றிரண்டு மாட்டும், நமக்கு வேண்டிய பெட்டை காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நீங்கள் தேவைப்படுவது அங்கேதான். விடியற்காலையில் பழகின குரலில் கூப்பிட்டு, பிஸ்கட்டைக் காட்டிச் சுவரோரமாகக் கொண்டுவந்து நிறுத்த வேறு யாராலும் முடியாது. வலை விழுந்ததும் அது உங்களைத்தான் பார்க்கும். திரும்பி வந்த பிறகும் கொஞ்ச நாள் கிட்டே வராது. நீங்கள் நகர்ந்தால்தான் சோற்றில் வாய் வைக்கும். போகப்போகச் சரியாகிவிடும். மயக்க மருந்து கொடுப்பார்கள் என்பதால் முந்தின ராத்திரி சோறு வேண்டாம். பால்குடிக் குட்டி இருக்கிற தாயைப் பிடிக்க விடாதீர்கள்.

அறுவை முடிந்து சில நாள் வைத்திருந்துவிட்டுக் கொண்டுவந்து விடுவார்கள். பிடித்த இடத்தை எழுதிக் கொடுக்கும்போது 'வேளச்சேரி' என்று எழுதினால் போதாது. எந்தத் தெரு, எந்த இஸ்திரி வண்டிக்கு எதிரே என்று இருக்க வேண்டும். இரண்டு தெரு தள்ளி இறக்கினால் அங்கிருக்கிற கூட்டம் கடித்துக் குதறிவிடும். இறக்குகிற அன்று நீங்களும் நில்லுங்கள். தையல் வீங்கியோ ஈரமாகவோ இருந்தால் வண்டியிலேயே திருப்பி அனுப்புங்கள். வெறிநோய்த் தடுப்பூசி போட்டார்களா என்று கேட்டுவிடுங்கள்.

எதிர்வீட்டுக்காரர் விஷயத்தில் நான் பாதி அவர் கட்சி. வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை, அவருடைய பயத்தைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவாமல் நிறுத்தலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சென்னையில் 2024 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1.8 லட்சம் தெருநாய்கள், கருத்தடை ஆனவை கால்வாசிக்குச் சற்று மேல். போக வேண்டிய தூரம் அவ்வளவு இருக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் ஊசி போட்டு, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறிபிடித்ததும் மூர்க்கமானதும் விலக்கு. கூடவே, கண்ட இடத்தில் சோறு வைக்கக் கூடாது, ஒதுக்கிய இடத்தில்தான் என்றும் சொல்லியிருக்கிறது. அதனால் அவர் வாசலை விட்டுவிட்டு, குடியிருப்போர் சங்கத்திலும் மாநகராட்சியிலும் ஓர் இடம் கேட்டு வாங்குங்கள். தெரு நாய்களுக்குக் காதில் வெட்டும் ஊசியும் ஆன பிறகு அவரிடம் போய்ப் பேசிப் பாருங்கள், இப்போது பேசி எந்தப் பிரயோஜனமும் இல்லை.

இதெல்லாம் தொடங்கும் முன் உங்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலையில் கடிபடுவது சகஜம். பட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, முன்பே ஊசி போட்டிருந்தாலும் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு.

அன்புடன்,
அக்கா