போலீஸுக்கும் தீயணைப்புக்கும் யார் பஞ்சாயத்து பண்ணுவது?

கேள்வி: என் அண்ணன் மகன் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு சின்ன நகராட்சியில் தீயணைப்பு வீரர். சம்பளப் பேச்சு முறிந்துவிட்டதாம். "ஆர்பிட்ரேஷனுக்குப் போயிருக்கு அத்தை, தீர்ப்பு வந்தா நகராட்சி ஏத்துக்கிட்டுத்தான் ஆகணும்" என்கிறான். என் கணவர் மும்பை போலீஸில் ஹவல்தார். இவர்களுக்கு ஏன் அப்படி ஒன்று இல்லை?
– ஒரு வாசகி, ஆன்டாப் ஹில், மும்பை

பதில்: உங்கள் மருமகன் சொல்வது சரிதான். போலீஸ், தீயணைப்புச் சம்பளப் பேச்சு முறிந்தால் ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது நடுவர் தீர்ப்புக்கு, வழி செய்து அங்கே 1969-ல் வந்த 312-ஆம் எண் சட்டம் அது. அரசுப் பணியில் இருப்பவர் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்பது மிச்சிகனில் 1947 முதலே விதி. ஆனால் போலீஸிடமும் தீயணைப்பு வீரரிடமும் அந்த ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டு சும்மா அனுப்பினால் மனசு விட்டுப்போகும், அதற்கு ஈடாக இரு தரப்பையும் கட்டுப்படுத்துகிற ஒரு வழியைத் தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் முதல் பிரிவே ஒப்புக்கொள்கிறது.

முதலில் பேச்சுவார்த்தை, அப்புறம் மத்தியஸ்தம். 30 நாளில் தீரவில்லையா, எந்தத் தரப்பும் மனுப் போடலாம், மற்றவர் சம்மதம் தேவையில்லை. மூன்று பேர் குழு உட்காரும்: நகராட்சியின் ஆள் ஒருவர், சங்கத்தின் ஆள் ஒருவர், நடுவில் ஒரு தலைவர். தலைவருக்காக மாநில ஆணையம் மூன்று பெயர் தரும், பிடிக்காத பெயர் ஒன்றை ஆளாளுக்கு அடித்துவிடலாம்.

சுவாரசியமே இதற்கப்புறம்தான். பண விஷயங்களில் இரு தரப்பும் தங்கள் கடைசி வார்த்தையை எழுதிக் கொடுக்க வேண்டும், குழு ஒவ்வொரு விஷயத்துக்கும் அந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம், நடுவில் தானாக ஒரு தொகை போட முடியாது. தாதர் மார்க்கெட்டில் 100 சொன்னதை 40-க்குக் கேட்டு 70-ல் முடிப்போமே, அந்த வித்தை இங்கே செல்லாது. ஓவராகக் கேட்டால் எதிராளியின் எண் ஜெயித்துவிடும் என்ற பயத்திலேயே இரண்டு பேரும் இறங்கி வருவார்கள். விலைவாசி, அதே அளவு ஊர்களில் என்ன சம்பளம் என்பதையெல்லாம் பார்ப்பார்கள். 2011 திருத்தத்துக்குப் பிறகு நகராட்சியின் கஜானா தாங்குமா என்பதற்குத்தான் அதிக எடை, ஆகவே மருமகன் ரொம்பவும் கனவு காண வேண்டாம். தீர்ப்புக்கு மேல் கோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் அதிகார வரம்பு மீறியது, ஆதாரமே இல்லாதது, மோசடி என்று சில காரணங்கள்தான் எடுபடும்.

இங்கே கதையே வேறு. அரசியல் சட்டத்தின் 33-ஆவது பிரிவு போலீஸின் அடிப்படை உரிமைகளைச் சுருக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதை வைத்து 1966-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அனுமதி இல்லாமல் தொழிற்சங்கத்தில் சேர்ந்தால் இரண்டு வருடம் வரை ஜெயில். வேடிக்கை என்னவென்றால், அதே 1966-ல்தான் மத்திய அரசு ஊழியர்களுக்கு சம்பளம், வேலை நேரம், விடுப்பு ஆகிய மூன்றுக்கும் கட்டாய நடுவர் தீர்ப்பு உள்ள கூட்டு ஆலோசனை அமைப்பு வந்தது, அதில் போலீஸ் கிடையாது என்று எழுதியே வைத்தார்கள். 1982 ஆகஸ்டில் பம்பாய்க் காவலர்கள் கிளர்ந்தபோது என்ன நடந்தது என்பதை உங்கள் வீட்டுக்காரர் சீனியர்களிடம் கேட்டிருப்பார்: ராணுவம் இறங்கியது, சங்கம் போயிற்று. உரிமையை எடுத்ததில்கூட எனக்கு அவ்வளவு வருத்தமில்லை, போலீஸ் இல்லாத ஊரை யாரும் விரும்ப மாட்டோம். எடுத்ததற்கு ஈடாக ஒன்றும் தரவில்லை என்பதுதான் அநியாயம்.

இருக்கிற வழி மகாராஷ்டிர நிர்வாகத் தீர்ப்பாயம். பதவி உயர்வு, தண்டனை, மாறுதல், சம்பள நிர்ணயத்தில் தப்பு போன்றவற்றுக்கு அங்கே போகலாம், அதற்கு மேல் ஹைகோர்ட். ஆனால் இருக்கிற விதி மீறப்பட்டதா என்றுதான் அது பார்க்கும், டியூட்டி நேரத்தையோ சம்பள விகிதத்தையோ பேரம் பேசி மாற்ற அங்கே இடமில்லை. 2016-ல் தேவ்நார் ஸ்டேஷனில் தொடங்கிய 8 மணி நேர டியூட்டி கூட ஒரு கான்ஸ்டபிள் சொன்ன யோசனை, கமிஷனர் மனசு வைத்தார், வந்தது. மனசு வைக்காத கமிஷனர் வந்தால்?

கேள்வி: மும்பை தீயணைப்புப் படைத் தேர்வுக்குப் படிக்கிறேன். எங்களுக்கும் இதே கதிதானா?
– ஒரு வாசகர், தாராவி

பதில்: இல்லை தம்பி, உங்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. நீங்கள் மாநகராட்சி ஊழியர் ஆவீர்கள், சங்கத்தில் சேரலாம். மாநகராட்சியின் தீயணைப்புத் துறையும் தொழில் தகராறு சட்டங்கள் சொல்லும் 'தொழில்'தான் என்று நாக்பூர் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-லேயே சொல்லிவிட்டது. 1947 தொழில் தகராறு சட்டமும் சரி, அதற்கு மாற்றாக 2020-ல் இயற்றிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் சரி, போலீஸ் பணியை வெளியே தள்ளினவே தவிர தீயணைப்பை அல்ல. பெங்களூரு, டெல்லி மாதிரி தீயணைப்பு நேரடியாக அரசின் கையில் இருக்கும் ஊர்களில் இதை அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள்.

நடுவர் தீர்ப்புக்கும் இடம் உண்டு, ஆனால் இரு தரப்பும் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான். மிச்சிகன் மாதிரி நீங்கள் மட்டும் மனுப் போட்டு மாநகராட்சியை இழுத்து வர முடியாது. அவர்கள் மாட்டேன் என்றால் சமரச அதிகாரி, அங்கேயும் முறிந்தால் தொழில் தீர்ப்பாயம்.